பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி: மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில் ஒருநாள் துறைத் தலைவர் கூப்பிட்டு, "அடுத்த வாரம் ஏட்காம் கிளாஸ் ஒண்ணு இருக்கு, நீங்க பாத்துக்கோங்க" என்பார். (ஏட்காம் என்பது நோயாளியிடம் எப்படிப் பேசுவது, நடந்துகொள்வது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பு.) எந்தத் துறையிலும் இந்த வகுப்பு கடைசியாக வந்து சேர்ந்தவர் தலையில்தான் விழும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கூடவே ஒரு பென் டிரைவும் கைக்கு வரும். யாரோ எப்போதோ செய்துவைத்த அறுபது ஸ்லைடு அதில் இருக்கும்: தகவல் தொடர்பின் வகைகள், அதன் தடைகள், இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்ட ஒரு படம், கடைசியில் பூங்கொத்தோடு ஒரு நன்றி. அந்த பென் டிரைவை மேசை டிராயரில் போட்டுவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

பின்னணி சுருக்கமாக. 2019-ல் எம்பிபிஎஸ் சேர்ந்த பேட்சிலிருந்து நாடு முழுக்கப் புதிய பாடத்திட்டம் (சிபிஎம்இ என்கிறோமே, திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி, அது) வந்தது. அதற்கு முந்தைய வருடமே அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் ஏட்காம் கையேட்டை வெளியிட்டுவிட்டது. மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு மூன்றும் சேர்த்து மொத்தம் 27 மாட்யூல். அதில் 'தகவல் தொடர்பின் அடிப்படைகள்' என்ற தலைப்பு மட்டும் 1.4, 2.1, 3.1, 4.1 என்று ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வரும். அதாவது முதல் வருடம் உடற்கூறியல் ஆசிரியரும், இரண்டாம் வருடம் மருந்தியல் ஆசிரியரும் இதை எடுக்க வேண்டியிருக்கும், நோயாளியைப் பார்த்தே பல வருடம் ஆனவர்களும் அதில் இருப்பார்கள். கையேடு நல்ல கையேடுதான், ஒருமுறை படித்துவிடுங்கள். வார்டில் நின்று இதை எப்படிச் செய்வது என்பதை மட்டும் அது நம்மிடமே விட்டுவிடுகிறது, இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் போய்ப் பாருங்கள்

நம் மருத்துவப் படிப்பில் ஒரு விநோதம் உண்டு. மாணவர் நோயாளியிடம் பேசுவதை யாருமே பார்ப்பதில்லை. காலையில் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) வருகிறார்கள், ஆளுக்கொரு பெட் பிரித்துக் கொடுக்கிறோம், முக்கால் மணி நேரம் கழித்து வந்து கேஸ் பிரசன்டேஷன் கேட்கிறோம். ஹிஸ்டரி (நோயாளியிடம் கேட்டு வாங்கிய நோய் விவரம்) சரியான வரிசையில் வந்ததா, நெகட்டிவ் ஹிஸ்டரி (என்னென்ன அறிகுறி இல்லை என்பது) விட்டுப்போனதா என்று குடைகிறோம். அந்த ஹிஸ்டரியை எப்படி வாங்கினார், அதை வாங்குவதற்குள் அந்த அம்மா எத்தனை தடவை பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது கையைப் பிடித்துத் திருத்துகிற நாம் பேச்சை மட்டும் கண்ணில் பார்க்காமலேயே பாஸ் போட்டுவிடுகிறோம்.

அதனால் வகுப்பு எடுப்பதற்கு முந்தைய வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மாணவரிடம் சொல்லிவிட்டு, நோயாளியிடமும் கேட்டுவிட்டு, பெட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வாயைத் திறக்காதீர்கள். கையில் ஒரு தாள், நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் மாணவர் சொன்னது, வலது பக்கம் நோயாளி சொன்னது. சொன்ன சொல்லையே எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டாம். இப்படி ஒன்று கிடைக்கும்:

"என்னம்மா பண்ணுது?"

"ஒரு வாரமா மயக்கமா வருதுப்பா, வேலைக்கே போக முடியல, அதுலயும் இந்த மா..."

"ஒரு வாரமாவா? வாந்தி இருந்துச்சா? காய்ச்சல்? நெஞ்சு வலி? மூச்சு வாங்குச்சா?"

"இல்ல. இல்ல. இல்லப்பா."

அந்த அம்மா சொல்ல வந்தது, "அதுலயும் இந்த மாத்திரைய மாத்திக் குடுத்ததுல இருந்துதான்" என்பது. பிரஷர் மாத்திரை மாறியிருக்கிறது, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது. நோய் என்ன என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார், நாம்தான் குறுக்கே போய்விட்டோம். மாணவர் கொஞ்ச நேரம் கழித்து அழகாக பிரசன்ட் செய்வார், அதில் மாத்திரை மாறிய விஷயம் இருக்காது, நாமும் மயக்கத்துக்கான காரணங்களைப் பட்டியல் போடச் சொல்லி நேரம் போக்குவோம்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 ஆலோசனைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். "பேச விட்டா நாள் பூரா பேசுவாங்க சார், ஓபில முந்நூறு பேர் நிக்கறாங்க" என்று மாணவர்கள் (அவர்களைவிட அதிகமாக உங்கள் சக ஆசிரியர்கள்) சொல்லுவார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டார்கள். சராசரி 92 நொடி. முக்கால்வாசிப் பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். நம் ஓபி பாசல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன், அங்கே ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஆனால் மாணவர் கேஸ் எடுக்கும்போது அவர் கையில் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அப்போதும் 92 நொடி பொறுக்காதவர் ஓபியில் உட்கார்ந்த பிறகு பழகிக்கொள்வார் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை.

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு திறன்

கால்கரி-கேம்பிரிட்ஜ் வழிகாட்டி என்று ஒன்று உண்டு, 1996-ல் வந்தது, உலகம் முழுக்கப் பல மருத்துவக் கல்லூரிகள் இதை அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. பேச்சைத் தொடங்குவது, விவரம் சேகரிப்பது, உடலைப் பரிசோதிப்பது, விளக்கித் திட்டமிடுவது, முடிப்பது என்று வரிசைப்படுத்தி, எழுபதுக்கும் மேற்பட்ட தனித்தனித் திறன்களைச் சொல்கிறது. நீங்கள் படியுங்கள், மாணவரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். கொடுத்தால் மனப்பாடம் செய்துவிட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒப்பிப்பார்கள்.

ஒரு வகுப்புக்கு ஒரு திறன் போதும். என் வரிசை இது. முதலில், தன் பெயரையும் தான் மாணவர் என்பதையும் சொல்லிவிட்டு ஒரு திறந்த கேள்வி கேட்பது, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருப்பதற்கே ஒரு முழு வகுப்பு வேண்டும். இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் தன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போன கதையைச் சொல்ல வேண்டும், மற்றவர் இரண்டு நிமிடம் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது, தலையாட்டலாம், 'ம்' சொல்லலாம், அவ்வளவுதான். முப்பதாவது நொடியிலேயே நெளிய ஆரம்பிப்பார்கள். முதல் வருட மாணவர்களுக்கு நோயாளியே தேவையில்லாமல் இதைச் செய்யலாம், உடலியல் துறை ஆசிரியரும் தாராளமாக நடத்தலாம்.

அடுத்து, நோயாளி சொன்ன சொல்லைப் பிரித்துக் கேட்பது. மயக்கம் என்றால் சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, விழுந்தே விட்டாரா, இல்லை வெறும் அசதியா? வாயு என்கிறவருக்கு ஏப்பமா, நெஞ்சு வலியா? 'கிட்னில உப்பு' என்றால் யார் சொன்னார்கள், எந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார்கள்? நோயாளி சொன்ன சொல்லைக் கேட்டவுடனே மனதுக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றி கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது நம் பிள்ளைகளின் பெரிய வியாதி. "மயக்கம்னா எப்படி இருந்துச்சு, கொஞ்சம் விவரமா சொல்லுங்க" என்ற ஒரே வாக்கியத்தைப் பழக்கினால் போதும்.

மூன்றாவது, கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது. "நீங்க சொன்னத நான் சொல்றேன், தப்பா இருந்தா சொல்லுங்க" என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை, செய்து பார்த்தவுடன் பிடித்துக்கொள்வார்கள்.

நான்காவதில்தான் சிக்கல். நோயாளி தன் நோயைப் பற்றி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், நம்மிடம் எதை எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று கேட்க வேண்டும் என எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதை அப்படியே தமிழில் கேட்டுப் பாருங்கள். "இது என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றால் வரும் பதில், "அது தெரிஞ்சா நான் ஏன் டாக்டர் இங்க வரேன்?" மாணவர் முகம் சுருங்கிப் போகும், அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் கேட்க மாட்டார். நம்மூரில் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். "வீட்ல, அக்கம்பக்கத்துல யாராச்சும் இது இதனாலதான்னு சொன்னாங்களா?" "இதே மாதிரி வேற யாருக்காவது வந்து பாத்திருக்கீங்களா?" இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்போது கவனியுங்கள், "எங்க மாமாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று ஆரம்பித்து, மாமா எந்த நோயில் போனார் என்பதில் வந்து நிற்கும். பயம் அங்கேதான் இருக்கிறது. எதிர்பார்ப்பைக் கேட்க, "இன்னிக்கு என்ன பண்ணினா உங்களுக்குத் திருப்தியா இருக்கும்?" ஊசி, டிரிப்ஸ், ஸ்கேன், வேலைக்கு லீவு எழுதித் தருவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவது என்று எதுவாகவும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

இதற்குத் தனி வகுப்பு வேண்டாம், ஆனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் 'நீங்க'தான். அழுக்குச் சட்டையோடு வந்தவரும் 'நீங்க', போலீஸ் கூட்டிவந்தவரும் 'நீங்க'. அம்மா, ஐயா பெரும்பாலும் எங்கேயும் செல்லும். 'பாட்டி' என்பதை யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஐம்பது வயதில் நரைத்துப்போன பெண்மணியை ஒரு மாணவர் பாட்டி என்றால் அதற்குப் பிறகு வருகிற ஹிஸ்டரி எல்லாம் ஒற்றைச் சொல் பதில்தான். 'என்னய்யா', 'ஏம்மா இங்க வா' என்று சீனியர்கள் கூப்பிடுவதைத்தான் மாணவர்கள் தினமும் கேட்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் மூன்று வகை மாணவர்கள் இருப்பார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநிலத்திலிருந்து வந்து தமிழே தெரியாதவர்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் மாதவிடாயைப் பற்றியோ மலம் கழிப்பதைப் பற்றியோ தமிழில் ஒரு பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாத ஆங்கிலவழிப் பிள்ளைகள். அப்புறம் 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த அரசுப் பள்ளி மாணவர்கள், இவர்களில் பலர் கிளாஸில் ஆங்கிலத்துக்குப் பயந்து பின் பெஞ்சில் இருப்பார்கள், வார்டில் விட்டால் நோயாளி மனம் விட்டுப் பேசுவது இவர்களிடம்தான். ஒவ்வொரு குழுவிலும் மூன்று வகையும் இருக்கும்படி கலந்து போடுங்கள். "தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சும்மா?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்கிற மாணவியிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்வதை உங்கள் லெக்சரால் கொடுக்க முடியாது. முன் பெஞ்சுக்காரர் அவரிடம் சந்தேகம் கேட்கிற நிலை வருவது தனிச் சந்தோஷம்.

நடிக்க ஒரு கேஸ் எழுதுவது

நேரடியாக நோயாளியிடம் பழகவிடுவதற்கு முன் ஒரு தடவையாவது நடிப்பு நோயாளியிடம் பேச வைப்பது நல்லது. 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்தது இது, நோயாளியாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். இன்று வெளிநாடுகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், மருத்துவமனை சமூகப் பணியாளர், அலுவலகத்தில் கொஞ்சம் கலகலப்பான ஒருவர், பக்கத்துக் கல்லூரி நாடகக்குழு என்று தேடினால் கிடைப்பார்கள். சக மாணவரை நோயாளியாக்கினால் இரண்டாவது நிமிடமே சிரிப்பு வந்து வகுப்பு கலைந்துவிடும், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள். வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள், இலவசமாகக் கூப்பிட்டால் அடுத்த வருடம் வரமாட்டார்.

கேஸ் எழுதும்போது நோயை விட்டுவிட்டு ஆளை எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று.

ஆளின் வயது 52, பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆறு வருடமாகச் சுகர். காலில் புண், ஆறவில்லை. கூட மகன் வந்திருக்கிறார், டூ வீலர் மெக்கானிக், கடையை மூடிவிட்டு வந்த எரிச்சலில் இருக்கிறார். முதல் வாக்கியம், "கால்ல புண்ணு ஆற மாட்டேங்குதுங்க." திறந்த கேள்வி கேட்டுப் பொறுமையாக இருந்தால் அவரே சொல்வது: செருப்பு கடித்தது, மஞ்சள் பத்துப் போட்டது, மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கியது. நேராகக் கேட்டால் மட்டும் சொல்வது: கால் மரத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது. மகனை வெளியே அனுப்பிவிட்டோ, குரலைத் தாழ்த்தியோ, திட்டமாட்டோம் என்ற நம்பிக்கை கொடுத்தோ கேட்டால் மட்டும் சொல்வது: சுகர் மாத்திரையை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது, ஏனென்றால் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிட்னி போய் டயாலிசிஸ் செய்கிறார் என்று ஊரில் பேச்சு. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் உடனே "சாப்பிடறேங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

கடைசி வரிதான் இந்தக் கேஸின் உயிர். அப்படிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும் என்று மாணவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதே மாணவரை நிறுத்தி, "நிறைய பேருக்குத் தினமும் மாத்திரை போடறது கஷ்டமா இருக்கு, விட்டுப்போயிடுது, உங்களுக்கு எப்படி?" என்று மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை நடிப்பவர் மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை மாணவர் கவனித்தாரா, கவனித்துவிட்டு மகனை என்ன சொல்லி வெளியே அனுப்பினார் என்பதற்குள் அரைமணி நேர வகுப்பு இருக்கிறது. ("அண்ணே, ஓபி சீட்டுல ஒரு என்ட்ரி போடணும், கவுன்டர்ல கேட்டுட்டு வரீங்களா" என்று ஒரு பையன் சொன்னதைக் கேட்டேன். பொய்தான். ஆனாலும் அதைவிட, "அம்மாவ கொஞ்சம் தனியா பாத்துட்டுக் கூப்பிடறேன், எல்லாரையும் அப்படித்தான் பாப்போம்" என்று நேராகச் சொல்வது நல்லது என்று பேசி முடித்தோம்.)

நடிப்பவருக்கு இரண்டு எச்சரிக்கை. மாணவரை மடக்க வேண்டும் என்று நடிக்கக்கூடாது, ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட வேண்டும். தன் சொந்த வாழ்க்கையில் நடந்ததோடு மிக நெருங்கிய கேஸாக இருந்தால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் போடுங்கள். முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போகட்டும்.

திருத்துவது

எல்லா வேலையும் செய்துவிட்டு இந்த இடத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. 1984-ல் இங்கிலாந்தில் பெண்டில்டனும் கூட்டாளிகளும் ஒரு விதிமுறை சொன்னார்கள்: எது நன்றாக இருந்தது என்று முதலில் மாணவரே சொல்ல வேண்டும், பிறகு மற்றவர்கள், அதற்குப் பிறகுதான் எதை மாற்றலாம் என்ற பேச்சு. பாதுகாப்பான முறைதான், உங்கள் முதல் சில வகுப்புகளுக்கு இதையே பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் இது சடங்காகிவிடும், மாணவர் நல்லதைக் கேட்கும்போதே 'எப்போ அடி விழும்' என்று காத்திருப்பார். அப்போது, "உனக்கு எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு? அதுல நாங்க என்ன உதவணும்?" என்று மாணவரின் தேவையிலிருந்து தொடங்குகிற முறைக்கு மாறிவிடுங்கள். கால்கரி-கேம்பிரிட்ஜ்காரர்களின் வழி அது, பெரிய வகுப்புகளுக்குத் தோதாக இருக்கும்.

எந்த முறையானாலும் "நல்லா பண்ணின", "இன்னும் எம்பதி காட்டணும்" போன்ற வாக்கியங்களால் பைசா பிரயோஜனமில்லை. எம்பதியை (அடுத்தவர் நிலையை உணர்வதை) எங்கே, எந்தச் சொல்லால் காட்டுவது? நீங்கள் தாளில் எழுதிவைத்ததை எடுத்துப் படியுங்கள். "நீ 'பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல'ன்னு சொன்ன. அதுக்கப்புறம் அவங்க உன்னப் பாக்கவே இல்ல, புடவைத் தலைப்பையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கவனிச்சியா?" இதில் திட்டு இல்லை, பாராட்டும் இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. அடுத்து நடிப்பவரைக் கேளுங்கள், அந்த இடத்தில் என்ன தோன்றியது என்று. "நான் சொன்னத அவர் நம்பல போலன்னு தோணுச்சு" என்று அவர் வாயால் வரும்போது உறைக்கிற மாதிரி நாம் சொல்லி உறைக்காது. பிறகு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் உடனே மறுபடி செய்ய வைக்க வேண்டும். முழுக் கேஸையும் வேண்டாம், அந்த முப்பது நொடியை மட்டும். மறுபடி செய்யாமல் கலைந்து போனால் அன்றைய வகுப்பு வெறும் விமர்சனக் கூட்டம்தான்.

உண்மையான நோயாளிக்கு முன்னால் இந்தத் திருத்தமெல்லாம் வேண்டாம், வராண்டாவுக்கு வாருங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்துவது

மூன்றாம் வருடத்திலிருந்து விளக்கிச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் தமிழ்நாட்டில் எந்த நோயாளியும் புரியவில்லை என்று சொல்லமாட்டார், மரியாதைக் குறைவாகிவிடுமே. ரோட்டாஹேலரில் (மருந்துப் பொடியை வாயால் உறிஞ்சும் கருவி) போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் எந்த ஆஸ்துமா கிளினிக்கிலும் உண்டு, அவர்கள் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அரசு மருத்துவமனையில் இந்த மாதம் வெள்ளை மாத்திரையாக இருந்தது அடுத்த மாதம் வேறு கம்பெனி சப்ளையில் மஞ்சளாக வரும், நிறத்தை வைத்து ஞாபகம் வைத்திருந்தவர் இரண்டையும் சேர்த்துப் போடுவார்.

திருப்பிச் சொல்ல வைப்பதுதான் வழி, ஆனால் பரீட்சை வைக்கிற தொனி வந்துவிடக்கூடாது. "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணு கேட்டா இந்த ஊசிய எப்படிப் போடணும்னு சொல்வீங்க?" பொறுப்பைச் சொன்னவர் மேல் போட்டுக்கொள்கிற கேள்வி இது. இன்ஹேலர், இன்சுலின் போன்றவற்றில் வாயால் சொன்னால் போதாது, கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். வகுப்பில் மாணவர்களுக்கு இதை வைத்தாலே தமாஷ்தான், இன்சுலின் பேனாவைக் கையில் கொடுத்தால் பாதிப் பேருக்கு மூடியைக் கழற்றத் தெரியாது.

கெட்ட செய்தி

ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை எல்லோருக்கும் தெரிந்திருக்கும், 2000-ல் பெய்லியும் பக்மனும் சேர்ந்து எழுதியது, புற்றுநோயாளிகளிடம் பேசுவதற்காக. இடம், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், செய்தி, உணர்ச்சிக்கு இடம் கொடுத்தல், அடுத்து என்ன. நம் வார்டில் இதில் மூன்றாவது படிதான் உடையும். நோயாளியிடம் போவதற்கு முன்னாலேயே அண்ணன், மருமகன், ஊர்ப் பெரியவர் என்று நாலு பேர் வராண்டாவில் மறித்து, "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு" என்பார்கள். அவர்களை வில்லனாக்காமல் கையாளப் பழக்குங்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே, பயாப்ஸி எடுக்கிற அன்றே நோயாளியிடம் கேட்டுவைக்கலாம்: "ரிப்போர்ட் வந்தா உங்ககிட்டயே விவரமா சொல்லவா, இல்ல வீட்ல யாராச்சும் கூட இருக்கணுமா?" பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால் வராண்டாப் பேச்சு சுலபமாகிவிடும்.

மாணவரை வைத்து நிஜமாகவே கெட்ட செய்தி சொல்ல வைக்காதீர்கள். நடிப்பில் மட்டும். நிஜத்தில் நீங்கள் சொல்லும்போது ஒரே ஒரு மாணவர் பக்கத்தில் இருக்கட்டும், பத்து பேர் சுற்றி நிற்க வேண்டாம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் ஆனதும் இரவு காஷுவால்டியில் மரணச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அவர்தான், அதனால் இறுதி வருடத்தில் ஒத்திகை கட்டாயம். "கண்டிஷன் சரியில்ல, டிரை பண்ணிட்டு இருக்கோம்" என்று உயிர் போன பிறகும் இழுப்பதுதான் அங்கே வழக்கமான தப்பு. உட்கார வைத்து, யார் உறவு என்று கேட்டுக்கொண்டு, இரண்டு வாக்கியத்துக்குள் "தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு பேசாமல் கூட நிற்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசினால் அடி விழாது என்று மாணவர்களிடம் விற்காதீர்கள். மருத்துவமனைத் தாக்குதல்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது, தாக்குதல் நின்றுவிடவில்லை. கூட்டம், ஆள் பற்றாக்குறை, குடிபோதை இதற்கெல்லாம் பேச்சு மருந்தாகாது, அடி வாங்கிய பையனிடம் போய் நீ சரியாகப் பேசவில்லை என்று சொல்லுகிற நிலைமைக்கு நாம் வந்துவிடக்கூடாது.

150 பேரை வைத்துக்கொண்டு

லெக்சர் ஹாலில் 150 பேருக்கு ஒரே நேரத்தில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். ஹாலில் பத்து நிமிடம் ஒரு நடிப்பைக் காட்டி, எந்த இடத்தில் பேச்சு மாறியது என்று கைதூக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். மிச்சத்தைப் போஸ்டிங்குக்குத் தள்ளுங்கள், அங்கே பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள். வாரத்தில் ஒருநாள், ஒரு மாணவர், ஐந்து நிமிடம் கவனிப்பு, ஐந்து நிமிடம் திருத்தம். பிஜிக்களில் (மேற்படிப்பு மாணவர்களில்) ஆர்வமுள்ள இரண்டு பேருக்கு அந்த நடுக்கோடு போட்ட தாளை எழுதப் பழக்கிவிட்டால் வேலை பாதியாகிவிடும். வீடியோ எடுப்பதானால் நடிப்பு வகுப்பில் மட்டும், கல்லூரிக் கருவியில், எழுத்துப்பூர்வ அனுமதியோடு, பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும். யாருடைய சொந்த மொபைலிலும் நோயாளியைப் பதிவு செய்ய விடாதீர்கள், வாட்ஸ்அப்பில் போய்விட்டால் திரும்பி வராது.

தேர்வுக்கு ஆஸ்கி முறையே (மாணவர்கள் ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொரு வேலையைச் செய்து காட்டுவது) போதும், 1975-ல் டண்டியில் ஹார்டன் கொண்டுவந்ததிலிருந்து அதைவிட வசதியானது கிடைக்கவில்லை. ஆனால் செக்லிஸ்டை நீளமாக்கினால் ஆபத்து. 'அனுதாபம் தெரிவித்தார், 1 மார்க்' என்று போட்டுவிட்டால், வந்து உட்கார்ந்ததும் "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்று பாட்டு மாதிரி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். நாலைந்து வரி செக்லிஸ்ட், அதோடு மொத்தமாக எப்படி இருந்தது என்று ஒரு மதிப்பீடு, அப்புறம் நடித்தவரிடம் ஒரே கேள்வி: "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா இவர்கிட்ட மறுபடி வருவீங்களா?" இந்த மூன்றாவதுக்கும் மார்க் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

மிச்சமிருப்பது உங்கள் ரவுண்ட்ஸ். நீங்கள் பெட்டைச் சுற்றி நின்று நோயாளியின் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனால், ஏட்காம் வகுப்பில் சொன்னதெல்லாம் பரீட்சைக்கானது என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். ஒவ்வொரு பெட்டிலும் கிளம்புவதற்கு முன் ஒரு மாணவரைக் கைகாட்டி, இப்போது நாம் பேசியது என்ன என்று நோயாளிக்குத் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், பிறகு நீங்களே நோயாளியிடம் வேறு ஏதாவது கேட்கணுமா என்று கேளுங்கள். ரவுண்ட்ஸ் நீளும், பிஜிக்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எல்லாப் பெட்டிலும் முடியாத நாளில் மூன்று பெட்டிலாவது செய்யுங்கள், அதில் ஒன்று கடைசி பெட்டாக இருக்கட்டும், அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.